சரளை, மணல், சேறு: துணை வண்டி இல்லாத பைக் பயணத்தின் கணக்கு

அண்ணாமலையைச் சுற்றி வரும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. அங்கிருந்து வடமேற்கே வயல்களையும் ஏரிகளையும் கரடுகளையும் தாண்டிப் போனால் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பெரிய கூறுகளில் ஒன்றான அது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூர், செங்கம், ஆலங்காயம், அமிர்தி ஆகிய பக்கங்களிலிருந்து தார்ச்சாலைகள் ஏறி ஜமுனாமரத்தூரை அடைகின்றன. அந்தச் சாலைகளிலிருந்து பிரிந்து மலைக் கிராமங்களுக்குப் போகும் மண் பாதைகளும் சரளைப் பாதைகளும் ஏராளம்.

லடாக் போக வேண்டும், ஸ்பிதி போக வேண்டும் என்று கனவு காணும் வட தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இந்த மலை ஒரு நல்ல பயிற்சிக் களம். ஆனால் இங்கேயே கூட, பின்னால் ஜீப் வராமல், மெக்கானிக் துணை இல்லாமல், தேவையானதை எல்லாம் வண்டியிலேயே கட்டிக்கொண்டு போவது வேறு வகைப் பயணம். சங்கிலி அறுந்தால் ஓட்டுபவரே மாட்ட வேண்டும். டியூப் கிழிந்தால் அவரே மாற்ற வேண்டும். வண்டி சரிந்தால் அவரே தூக்க வேண்டும்.

இத்தகைய பயணம் நல்லபடியாக முடியுமா என்பதை எஞ்சினின் சி.சி. தீர்மானிப்பதில்லை. எடை, மண், தண்ணீர், எரிபொருள், பகல் வெளிச்சம் என்ற ஐந்தின் கணக்குதான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பகுதியை, கிளம்புவதற்கு முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே போட்டுவிடலாம்.

எடை என்னும் முதல் எதிரி

1934 டிசம்பரில் ஃப்ளோரன்ஸ் பிளெங்கிரன், தெரசா வாலக் என்ற இரண்டு இங்கிலாந்துப் பெண்கள் லண்டனிலிருந்து கேப்டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். 600 சி.சி. பேந்தர் வண்டி, அதற்கு ஒரு பக்கப் பெட்டி, அதன் பின்னால் ஓர் இழுவை வண்டி. திசைகாட்டி கூட இல்லாமல் சகாராவைக் கடந்தார்கள். மணலில் புதைந்த வண்டியைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். இன்றைய நைஜர் நாட்டில் இருக்கும் அகாடெஸ் ஊரின் அருகே எஞ்சின் பழுதானது. 1935 ஜூலை மாதக் கடைசியில் கேப்டவுனை அடைந்தார்கள். அந்த மன உறுதிக்கு ஈடு இல்லை. ஆனால் பாரம் ஏற ஏற மணலில் சக்கரம் ஆழமாகப் புதையும் என்ற எளிய விதியை அவர்கள் வழி முழுக்க உடல் உழைப்பால் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

இன்றைய வண்டிகளைப் பார்ப்போம். சென்னையை அடுத்த ஆலைகளில் ராயல் என்ஃபீல்டு தயாரிக்கும் ஹிமாலயன் 450 வண்டி, பெட்ரோலோடு சேர்த்து 196 கிலோ. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 155 கிலோ. ஓசூரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியோ 90 கிலோவைத் தாண்டாது. மலையடிவாரத்து ஊர்களில் புல்லுக்கட்டும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரப்பு ஓரத்து ஒற்றையடிப் பாதையில் அந்தச் சின்ன வண்டி போவதைப் பார்க்கலாம். தனியாக ஓட்டுபவர் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடிய எடை என்பதே அதன் பலம். அதிக தூரமும் அதிக உயரமும் போக வேண்டியவருக்குப் பெரிய டேங்கும் நீளமான சஸ்பென்ஷனும் தேவை. அதற்கு விலையாக ஏறத்தாழ அறுபத்தைந்து முதல் நூற்று ஐந்து கிலோ வரை கூடுதல் பாரத்தை ஏற்கிறார்.

எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதும் முக்கியம். ஹிமாலயன் 450இன் இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 151 செ.மீ. பத்து கிலோ மூட்டையை வண்டியின் வால் பகுதியில், பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் கட்டினால் என்ன ஆகும்? நெம்புகோல் விதிப்படி பின் சக்கரத்தில் 12.6 கிலோ ஏறும். முன் சக்கரத்திலிருந்து 2.6 கிலோ குறையும். ஏற்றத்தில் முன் சக்கரம் ஏற்கெனவே இலேசாக இருக்கிறது. அதைத் திருப்புவதற்குத் தேவையான பிடிமானம் மேலும் குறைகிறது. அதே பத்து கிலோவை இருக்கைக்குப் பக்கவாட்டில், பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாகக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. கருவிகள், உதிரி டியூப், தண்ணீர் ஆகிய கனமான பொருட்கள் தாழ்வாகவும் முன்னாலும். துணி, தூக்கப்பை போன்ற இலேசான பொருட்கள் மேலேயும் பின்னாலும். மூட்டை கட்டுவதற்கு இந்த ஒரு விதி போதும்.

மொத்தச் சாமான் எவ்வளவு இருக்கலாம்? இரண்டு மூன்று நாள் பயணத்துக்குத் தண்ணீரையும் சேர்த்து இருபது கிலோவுக்குள் அடக்குவது நல்ல இலக்கு. கட்டி முடித்த வண்டியை வீட்டு வாசலில், ஒரு பழைய மெத்தையின் மேல் படுக்க வைத்துவிட்டுத் தனியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இருக்கையின் விளிம்பில் முதுகைச் சாய்த்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றி, கால்களால் உந்தித் தூக்குவதே சரியான முறை. குனிந்து முதுகால் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாசலில் தூக்க முடியாத வண்டியை, வெயிலில் களைத்த பிறகு சரிவில் தூக்கவே முடியாது.

நின்றபடி ஓட்டுவது ஏன்?

கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்கள் கால்மிதிகளின் மேல் எழுந்து நிற்பார்கள். இதனால் ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிடுகிறது என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. அது தவறு. நிற்கும்போது மனித உடலும் உயர்கிறது. வண்டியும் மனிதரும் சேர்ந்த மொத்த ஈர்ப்பு மையமும் சற்று உயரவே செய்கிறது.

உண்மையான பலன் வேறு. உட்கார்ந்திருப்பவரின் உடல் இருக்கையோடு ஒட்டி, வண்டியின் பாரமாகவே ஆகிவிடுகிறது. ஒரு கல்லின் மேல் பின் சக்கரம் ஏறினால், ஸ்பிரிங் அந்த எழுபது கிலோவையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டும். நிற்பவரின் முழங்காலும் கணுக்காலும் மடங்கி நிமிர்கின்றன. வண்டி கீழே துள்ளினாலும் உடல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. சக்கரம் தரையைத் தொடர்ந்து பற்றுகிறது. முதுகெலும்புக்குப் போகும் அதிர்ச்சியும் குறைகிறது. வலப்பக்க மிதியையோ இடப்பக்க மிதியையோ அழுத்தியே வண்டியைச் சாய்க்கவும் முடிகிறது.

இதற்குக் கால் வலிமை வேண்டும். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தினமும் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்வது, வண்டிக்குப் புது டயர் போடுவதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும்.

மூன்று வகை மண், மூன்று வகைப் பிடிமானம்

தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் ரப்பருக்கும் தாருக்கும் இடையே நடக்கிறது. மண் பாதையில் மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையேயும் நடக்கிறது. டயரின் கட்டைகள் மண்ணைப் பற்றிக்கொள்ளும்; அந்த மண்ணே அடியில் இருக்கும் மண்ணிலிருந்து பெயர்ந்து போய்விட்டால் வண்டி நகராது. அதனால்தான் மண்ணின் தன்மை தெரியாமல் நல்ல டயர் வாங்கிப் பயனில்லை.

சரளையில் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்கின்றன. தரையில் சிந்திய கேழ்வரகின் மேல் கால் வைத்த கதைதான். இதில் திடீர் பிரேக்கும் திடீர்த் திருப்பமும் ஆகாது. சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு: தளர்ந்த சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டால், அது முன்னால் கற்களைக் குவித்துக்கொண்டே போகும்; அந்தக் குவியலே வண்டியை நிறுத்த உதவும். ஏ.பி.எஸ். அமைப்பு சக்கரத்தைப் பூட்டவிடாது என்பதால் இத்தகைய பாதையில் நிற்கும் தூரம் கூடிவிடலாம். ஆஃப்ரோடு வண்டிகளில் பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் அணைத்து வைக்கும் வசதி தரப்படுவது இதற்காகவே. முன் சக்கர ஏ.பி.எஸ். இருக்கட்டும்; முன் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் பிடி போய்விடும்.

மணலுக்கு வேறு விதி. செய்யாறு ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதன் படுகை மணலாகவே கிடக்கும். மணலில் டயரின் காற்றழுத்தம்தான் எல்லாம். ஒரு கணக்கைப் பார்க்கலாம். வண்டி 196 கிலோ, ஓட்டுபவர் 75, சாமானும் பாதுகாப்பு உடையும் சேர்ந்து 30. மொத்தம் ஏறத்தாழ 300 கிலோ. அதில் பின் சக்கரம் தாங்குவது 175 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ அழுத்தம். அப்படியானால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அந்தப் பரப்பு சுமார் 138 சதுர செ.மீ. ஆகிறது. டயரின் பக்கச்சுவர் விறைப்பும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் உண்மை எண்கள் மாறும். ஆனால் போக்கு இதுதான். பாரம் பரவுகிறது, சக்கரம் புதைவது குறைகிறது.

இதற்கு விலையும் உண்டு. காற்று குறைந்த டயர் கூரான கல்லில் மோதினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டைகள் விழும். ஆகவே மணலுக்கு இறக்கிய காற்றைப் பாறைப் பாதை வரும் முன் ஏற்ற வேண்டும். அழுத்தமானியும் கைப்பம்பும் இல்லாமல் காற்றை இறக்குவது ஆபத்து.

மூன்றாவது சேறு. களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. தகடு போன்ற வடிவம் கொண்டது. தகடுகளுக்கு இடையே நீர்ப்படலம் புகுந்தால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும். அதே களி, டயர்க் கட்டைகளின் இடைவெளிகளை அடைத்து, ஆழ்ந்த வெட்டுள்ள டயரையும் மொழுக்கை டயராக்கிவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். மழை பெய்து முடிந்த ஏரிக்கரைப் பாதையில் இதற்கு எந்தத் திறமையும் ஈடாகாது. காத்திருப்பதும் சுற்றிப் போவதுமே வழி. பயண மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியும் பிப்ரவரி முற்பகுதியும் இந்தப் பகுதிக்கு ஏற்ற காலம்.

வரைபடத்தில் தெரியும் ஏற்றம்

கைபேசி வரைபடம் பாதையைக் காட்டும். ஏற்றத்தின் கொடுமையைச் சரியாகக் காட்டாது. 1767இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் இன்றும் இதற்குச் சிறந்த துணை. ஜவ்வாது மலை 57 எல், 57 பி என்ற இரு வரிசைகளில் விழுகிறது. 1:50,000 அளவு கொண்ட இந்தத் தாள்களில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். சமவெளிகளிலும் இத்தகைய குன்றுகளிலும் சம உயரக் கோடுகளுக்கு இடையே வழக்கமாக 20 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு பாதை ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளிகளைக் கடந்தால், 500 மீட்டரில் 100 மீட்டர் ஏறுகிறது. அதாவது 20 சதவீத ஏற்றம்.

அந்த ஏற்றத்தில் 300 கிலோ பாரத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை மட்டும் சுமார் 59 கிலோ எடைக்குச் சமம். சரளையின் தடையும் குழிகளின் தடையும் அதற்கு மேல். இங்கே கியர் விகிதம் உதவும். 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தைச் சேர்ந்த சந்தோஷ் விஜயகுமாரும் டீன் காக்ஸனும் இரண்டு ஹிமாலயன் வண்டிகளில் தென் துருவத்தை அடைந்தார்கள். துணை வண்டிகளோடு நடந்த பயணம்தான் அது. என்றாலும் அவர்கள் வண்டியில் செய்த மாற்றங்கள் பாடம் சொல்கின்றன. எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தை 15 பற்களிலிருந்து 13 பற்களாகக் குறைத்தார்கள். 15ஐ 13ஆல் வகுத்தால் 1.15, சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை 15 சதவீதம் கூடுகிறது, வேகம் அதற்கேற்பக் குறைகிறது. பனியில் புதையாமல் இருக்க, ஆணி பதித்த டயர்களைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டினார்கள். பனியானாலும் மணலானாலும் இயற்பியல் ஒன்றே.

ஓடும் நீரின் எடை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை திருவண்ணாமலையைப் புரட்டிப்போட்டது. டிசம்பர் 1 அன்று அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின் மீது புதிதாகக் கட்டப்பட்டிருந்த பாலத்தையே வெள்ளம் கொண்டுபோனது.

பாலத்தைத் தூக்கும் நீருக்கு மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? ஓடும் நீர் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். முழங்கால் ஆழ நீரில் வண்டியின் சக்கரமும் எஞ்சினும் சேர்ந்து 0.3 சதுர மீட்டர் பரப்பைக் காட்டினால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான விசையால் பக்கவாட்டில் தள்ளும். வேகம் இரு மடங்கானால் அந்த விசை 60 கிலோ ஆகிவிடும். காலடியில் பாசி படிந்த கூழாங்கல் இருந்தால் யாராலும் நிற்க முடியாது.

ஆகவே ஓடையைக் கடக்கும் முன் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு கம்போடு நடந்து பார்க்க வேண்டும். நடந்து கடக்க முடியாத நீரை ஓட்டிக் கடக்கக் கூடாது. நீர் கலங்கிச் செம்மண் நிறமாக இருந்தாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ மேலே எங்கோ மழை பெய்கிறது என்று பொருள். அங்கே இனி ஆழம் கூடும். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயின் உயரத்தையும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் நீர் புகுந்தால், நீர் சுருங்காது என்பதால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வண்டி நீரில் விழுந்துவிட்டால் செல்ஃப் பட்டனைத் தொடாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டேங்கும் தண்ணீர்க் குடுவையும்

மணாலியிலிருந்து லே போகும் வழியில், தண்டி என்ற இடத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு பெயர்ப்பலகை பல ஆண்டுகளாகப் புகழ்பெற்றது: அடுத்த பங்குக்கு 365 கி.மீ. என்று அது அறிவித்தது. 15 லிட்டர் டேங்க் கொண்ட பழைய ஹிமாலயன் வண்டி சாதாரணச் சாலையில் லிட்டருக்கு 30 கி.மீ. தந்தால் 450 கி.மீ. போகும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும் கணவாய்களில் அது 25 ஆகக் குறைந்தால் 375 கி.மீ. மட்டுமே. மிச்சம் பத்தே கிலோமீட்டர். ஒரு முறை வழி தவறினால் நடுவழி. அதே வழியில் 5,328 மீட்டர் உயரத்தில் தங்லாங் கணவாய் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சினின் வலிமையும் அதற்கேற்பக் குறையும். ஓட்டுபவரின் வலிமையும் குறையும்.

இந்தக் கணக்கை ஜவ்வாது மலைக்கும் அப்படியே போடலாம். சாலை மைலேஜைப் பார்க்காமல் மண் பாதை மைலேஜைப் பார்க்க வேண்டும். வரும் எண்ணில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்க வேண்டும். அடிவார ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது. கூடுதலாகக் கொண்டு போக வேண்டியிருந்தால் அதற்கென்றே செய்யப்பட்ட உலோகக் கேன் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடவே கூடாது.

உடலுக்கும் இதே கணக்குதான். வெயிலில் கனமான பாதுகாப்பு உடை போட்டு, நின்றபடி ஓட்டுபவர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்போடு குளுக்கோஸும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு: சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகவே உள்ளே இழுக்கப்படுகின்றன, அவற்றின் பின்னால் நீரும் போகிறது. தலைவலி, எரிச்சல், தவறான முடிவுகள் என்ற வரிசையில்தான் நீரிழப்பு தன்னைக் காட்டும். மூன்றாவது அறிகுறியே விபத்துக்குக் காரணமாகிறது.

ஒரு பெட்டிக்குள் ஒரு பட்டறை

உலகின் கடுமையான பந்தயமான டக்கார் ராலியில், உதவியாளர் இல்லாமல் ஓடுபவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. நாள் முழுவதும் பாலைவனத்தில் ஓட்டிவிட்டு வரும் வீரர், இரவில் தன் வண்டியைத் தானே பிரித்துச் சரிபார்க்க வேண்டும். அமைப்பாளர்கள் அவருக்காக ஏற்றி வருவது கருவிப் பெட்டி, உதிரிச் சக்கரங்கள், கூடாரம் போன்ற சில பொருட்களை மட்டுமே. அதனால் அவர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைவிட எதை விட்டுவிடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நம் பயணத்துக்கும் தேர்வு விதி ஒன்றுதான்: எது பழுதானால் வண்டி நகராதோ, அதில் எதை வழியிலேயே சரிசெய்ய முடியுமோ, அதை மட்டும் எடுக்க வேண்டும். டயர் லிவர் மூன்று, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், பம்ப், டியூப், செயின் லாக், கிளட்ச் கேபிள், கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும், ஃபியூஸ்கள், கொஞ்சம் ஒயர், கட்டுக்கம்பி, எம்-சீல். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17 அல்லது 18 அங்குலம் உள்ள வண்டிக்கு 21 அங்குல டியூப் ஒன்றே போதும். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் போட்டு ஊர் போய்ச் சேரலாம். கல்லில் மோதி கிராங்க் கேஸில் விரிசல் விட்டால், எண்ணெய்யைத் துடைத்துவிட்டு எம்-சீல் பூசி ஒரு மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் ஒழுக்கு நிற்கும்.

பயணத்துக்கு முன் வீட்டிலேயே ஒரு முறை பின் சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த கருவிகளால் அச்சு நட்டைத் தளர்த்த முடியுமா, எந்த ஸ்பேனர் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரிடம் அரை நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்வது எந்தப் புத்தகத்தையும்விட மேல்.

காடு, காவல், கடிகாரம்

ஜவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். அதில் பைக் ஓட்டுவது சொல்லவே வேண்டாம். அண்ணாமலையின் சரிவும் அப்படித்தான். பொதுப் பயன்பாட்டில் உள்ள கிராமப் பாதை எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. கோடையின் காய்ந்த புல்லில், சூடான சைலன்ஸரோடு வண்டியை நிறுத்துவதே தீக்கு வித்தாகலாம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவிகளையும் செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி தவறு. அங்கே கடையில் எளிதாகக் கிடைக்கும் கருவி இங்கே விமான நிலையத்திலேயே சிக்கலாகும். சிக்னல் இல்லாத இடத்தில் இணையமின்றி வேலை செய்யும் வரைபடமும், காகித வரைபடமும், வழியில் சந்திக்கும் மனிதர்களும்தான் துணை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமை விளைவித்து வாழும் ஊர்கள் இவை. எந்த ஓடையில் நீர் ஏறும், எந்தப் பாதை மழையில் அறுந்தது என்பதை அவர்களைவிட அறிந்த வரைபடம் கிடையாது. அவர்கள் ஊருக்குள் போகும்போது வேகத்தைக் குறைத்து, சைலன்ஸர் சத்தத்தை அடக்கி, பெரியவர்களிடம் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவதுதான் முறை.

கடைசிக் கணக்கு நேரம். காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்த மலையில் நிறுவப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இங்குள்ள இருட்டு. விண்மீன்களுக்கு நல்லது, பைக் ஓட்டுபவருக்கு ஆபத்து. மண் பாதையில் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.தான் என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. மண் பாதைக்கு நான்கு மணி நேரம். பஞ்சர் ஒன்றுக்கு ஒரு மணி நேரம், ஓய்வுக்கு ஒரு மணி நேரம். ஆக ஆறு மணி நேரம். ஜனவரியில் சூரியன் மாலை ஆறு மணி அளவில் மறைகிறது. காலை பத்து மணிக்குள் மண் பாதையில் இறங்கவில்லை என்றால், இரண்டு மணி நேர உபரி கூடக் கையில் இருக்காது. பிற்பகல் ஒரு மணிக்குப் பாதித் தூரம் ஆகவில்லையா, திரும்பிவிட வேண்டும். இந்த நேரத்தை அன்று காலையில் முடிவு செய்யக் கூடாது. முந்தைய நாளே எழுதிவைக்க வேண்டும். களைத்த மூளை எப்போதும் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்றே சொல்லும்.

இமயத்துக்குக் கிளம்ப நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு முழு நாளை இந்த மலையில் செலவிடுங்கள். சாமானை எடைபோடுங்கள், டயர்க் காற்றை அளவிடுங்கள், பின் சக்கரத்தை ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். போகும் வழி, திரும்பும் நேரம், அதற்கு மேல் தாமதமானால் யாரை அழைப்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அவசரத்துக்கு 108 இருக்கிறது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். அந்தத் தாளை எழுதாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.